தகரக் கூரையில் மழை: முதலில் எந்த ஸ்பீக்கரை மாற்றுவது?

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் படம் பார்ப்பது பெரும்பாடு. மேலே தகரக் கூரை, அதற்குக் கீழே மெல்லிய பலகை. நாயகி அழுவது தெரியும். எதற்கு அழுகிறாள் என்பது தெரியாது. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுவேன். உடனே ஒரு சண்டைக்காட்சி வந்து, சமையலறை அலமாரியில் தட்டுகள் ஆடும். மறுபடியும் குறைப்பேன்.

இந்தக் கூட்டல் கழித்தலுக்கு முடிவு கட்டுவதாக நினைத்து, ஆறு வருடங்களுக்கு முன்பு கோயம்புத்தூருக்குப் போய் 12 அங்குல சப்வூஃபர் (அடி ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) ஒன்றை வாங்கிவந்தேன். அன்று என் கையில் இருந்த மொத்தப் பணமும் அதற்கே போயிற்று. தட்டுகள் முன்பைவிட நன்றாக ஆடின. வசனம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒருமுறை பிரித்த பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை; அதில் அவர் தவறும் இல்லை.

வீட்டில் ஏற்கெனவே ஒரு 5.1 செட் இருக்கிறது, கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றோ இரண்டோதான் மாற்ற முடியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மலையில் குடியிருப்பவர்களுக்கு இரண்டு மூன்று கூடுதல் தொல்லைகள் உண்டு. அவையும் கணக்கில் வரும்.

எது என்ன வேலை செய்கிறது

திரைக்கு இடமும் வலமும் இரண்டு ஸ்பீக்கர்கள், நடுவில் சென்டர், நாம் உட்காரும் இடத்துக்குப் பக்கவாட்டில் இரண்டு சரவுண்ட், எங்காவது ஓரத்தில் சப்வூஃபர். படத்தின் ஒலிப்பதிவில் வசனத்தின் பெரும்பங்கு சென்டருக்குப் போகிறது. பாட்டும் பின்னணி இசையும் பெரும்பாலும் இட வலத்தில். சரவுண்டில் கூட்டத்தின் இரைச்சல், காற்று, பின்னால் கடந்து போகும் வண்டி.

சப்வூஃபருக்கு மட்டும் இரட்டை வேலை. ‘.1’ என்று சொல்லப்படும் தனித்தடத்தில் வரும் இடி முழக்கத்தை அது ஒலிக்க வேண்டும். அதோடு, மற்ற ஐந்தாலும் முடியாத பேஸ் ஒலியையும், அதாவது அடி ஒலியையும், ரிசீவர் (எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் பெட்டி) அதன் தலையில் கட்டிவிடும். எந்த அளவுக்குக் கீழே கட்டுவது என்பதைத் தீர்மானிப்பதுதான் கிராஸ்ஓவர்.

நான் பணத்தைத் தொலைத்தது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். உள்ளங்கை அளவு பெட்டியும் 3 அங்குலக் கூம்பும் கொண்ட சின்ன ஸ்பீக்கர்களால் ஏறக்குறைய 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒழுங்காக ஒலிக்க முடியாது. ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண்ணோ பெரும்பாலும் அதற்கும் கீழேயே இருக்கிறது. ஆகவே நாயகன் பேசும்போது குரலின் மேல்பாதி திரையிலிருந்தும் கீழ்ப்பாதி அறை மூலையிலிருந்தும் வரும். 5 அல்லது 6.5 அங்குலக் கூம்பு உள்ள, அலமாரியில் வைக்கும் அளவிலான புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கராக இருந்தால் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைக்கலாம். அதற்குக் கீழே உள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. சப்வூஃபர் எங்கே இருந்தாலும் குரல் திரையிலேயே நிற்கும். முன்னால் சின்னப் பெட்டிகளை வைத்துக்கொண்டு சப்வூஃபரை மட்டும் பெரிதாக்கினால் அந்த ஓட்டை அடைபடாது. மூலையிலிருந்து வரும் பாதிக் குரல் இன்னும் பலமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

முதல் படி: ஒரு வாரம் குறைகளை எழுதுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பு ஒரு தாளும் பேனாவும் போதும். வழக்கமாகப் பார்ப்பதையே பாருங்கள்: செய்தி, ஒரு படம், பாட்டு நிகழ்ச்சி. எரிச்சல் வரும் ஒவ்வொரு முறையும் காரணத்தை எழுதுங்கள். ‘சத்தம் நன்றாக இல்லை’ என்று எழுதினால் பயன் இல்லை. ‘பேச்சுக்குக் கூட்டினேன், பாட்டுக்குக் குறைத்தேன்’ என்பது உருப்படியான குறை. ‘பாட்டு தகர டப்பாவில் பாடுவதுபோல் இருக்கிறது’, ‘மிருதங்கத்தின் தொப்பி கேட்கவே இல்லை’, ‘இடி விழும்போது புர்ரென்று கிழிகிறது’ என்றெல்லாம் எழுதலாம்.

வீட்டில் உள்ள மற்றவர்களையும் கேளுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். உருளை இயந்திரங்களின் இரைச்சலிலேயே காலத்தைக் கழித்ததாலோ என்னவோ, அவருக்குச் சத்தம் என்றால் நெஞ்சில் இடிக்க வேண்டும். பெரிய சப்வூஃபர் வாங்கலாமா என்று கேட்டுத்தான் என்னிடம் வந்தார். அவர் மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னார்: “தம்பி, இடியெல்லாம் இப்போதே நன்றாகத்தான் விழுகிறது. யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பதுதான் புரியவில்லை.” அந்த வீட்டின் குறைப்பட்டியல் ஒரே வரியில் முடிந்தது.

இரண்டாம் படி: செலவில்லாத வேலைகள்

பாதி வீடுகளில் பழுது ஸ்பீக்கரில் இல்லை, வைத்த விதத்தில் இருக்கிறது.

சென்டரை டிவி அலமாரியின் உள்தட்டில் தள்ளி, முன்னால் இரண்டு பொம்மையும் ஒரு கோப்பையும் வைத்திருப்பார்கள். அதைத் தட்டின் விளிம்பு வரை முன்னால் இழுங்கள். காதுக்குக் கீழே இருந்தால், முன்பக்கத்துக்கு அடியில் ரப்பர் துண்டு கொடுத்து முகத்தைச் சற்று மேலே திருப்புங்கள். இட வல ஸ்பீக்கர்கள் நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து பார்க்க, நடுக்கோட்டுக்கு 22 முதல் 30 பாகை வரை விலகி இருக்கலாம். சரவுண்ட் இரண்டும் பக்கவாட்டில், காதுக்கு இரண்டடி மேலே.

அடுத்தது ரிசீவரின் மெனு. எல்லா ஸ்பீக்கரையும் ‘ஸ்மால்’ என்று வையுங்கள்; அப்போதுதான் அவற்றின் பேஸ் சப்வூஃபருக்குப் போகும். நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து பதியுங்கள். சென்டரின் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபெல் கூட்டிப் பாருங்கள். இரவில் பார்ப்பவர்கள் ‘நைட் மோட்’ என்ற வசதியைத் தேடுங்கள். அது பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்னச் சத்தத்தைத் தூக்கும். என் சண்டைக்காட்சித் தொல்லையில் பாதி அதிலேயே தீர்ந்தது. சப்வூஃபர் வாங்கிய பிறகு கண்டுபிடித்தேன் என்பதை இங்கே பெருமையில்லாமல் பதிவு செய்கிறேன்.

பிறகு வயர். சிவப்பு முனை சிவப்பிலும் கறுப்பு கறுப்பிலும் இருக்கிறதா என்று எல்லா ஸ்பீக்கரிலும் பாருங்கள். ஒன்று மாறியிருந்தாலும் பேஸ் வற்றிப்போகும். வயரின் நுனியில் செம்பு பச்சை பூத்திருந்தால் அந்த அங்குலத்தை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவுங்கள். மலை ஈரத்தில் இது வருடம் ஒருமுறை செய்ய வேண்டிய வேலை. டிவியின் ஒலி அமைப்பையும் பாருங்கள். டிவி வெறும் ஸ்டீரியோவாக (இட வலம் இரண்டுக்கு மட்டும்) அனுப்பிக்கொண்டிருந்தால் சென்டரும் சரவுண்டும் தமக்குரிய ஒலியைப் பெறுவதே இல்லை.

மூன்றாம் படி: குற்றவாளி யார்?

வசனம்தான் உங்கள் குறை என்றால் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். இரண்டுக்கும் சேர்த்து அரை மணி நேரம் ஆகும்.

ஒன்று: மெனுவில் சென்டர் ‘இல்லை’ என்று மாற்றுங்கள். ரிசீவர் வசனத்தை இட வலத்துக்குச் சமமாகப் பிரித்து அனுப்பும். சரியாக நடுவில் உட்கார்ந்தால் குரல் திரையின் மத்தியிலிருந்தே வருவதுபோல் கேட்கும். அதே காட்சியை மறுபடி ஓட்டுங்கள். பேச்சு தெளிந்தால் சென்டர்தான் நோஞ்சான்.

இரண்டு: இடப்பக்க ஸ்பீக்கரைக் கழற்றி சென்டர் இருந்த இடத்தில் வைத்து, சென்டரின் வயரைச் செருகிக் கேளுங்கள். இடப்பக்க ஸ்பீக்கர் நல்லதாக இருந்து, அப்போதும் தெளியவில்லை என்றால் குற்றம் அறையின் மேல். பெரிய கண்ணாடிச் சன்னல், வெறும் தரை, எதிரே வெற்றுச் சுவர் என்று இருந்தால் எந்த ஸ்பீக்கரும் திணறும். குளிருக்காக நம் வீடுகளில் இருக்கும் கம்பளமும் தடித்த திரைச்சீலையும் இங்கே உதவிக்கு வரும். சமவெளி வீடுகளுக்கு இல்லாத வசதி இது. திரைச்சீலையை மூடிவிட்டு மறுபடி கேளுங்கள்.

மழை நாளில் இன்னொன்றையும் பாருங்கள். கைபேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, டிவியை அணைத்துவிட்டு அறையின் இரைச்சலை அளவிடுங்கள். எங்கள் வீட்டில் நல்ல மழைக்கு 60 டெசிபெலைத் தாண்டிக் காட்டியது; அது சாதாரணப் பேச்சின் அளவு. உயிரொலிகளுக்குப் பலம் அதிகம், அவை மழையைத் தாண்டி வந்துவிடும். சொல்லின் அடையாளத்தைச் சுமப்பவை கசடதபற. அவை கண்ணிமைக்கும் நேரத்தில் ஒலித்து மறைபவை. ‘படம்’, ‘கடம்’, ‘தடம்’ மூன்றும் மழையில் ஒன்றே. பேஸைக் கூட்டினால் நிலைமை மோசமாகும், ஏனென்றால் பலத்த கீழ் ஒலி மேல் ஒலியை மூடும் இயல்புடையது. மழைக்கு மருந்து தெளிவான முன்வரிசை; கூரைக்கும் பலகைக்கும் இடையே ஏதாவது அடைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

நான்காம் படி: வரிசை

இப்போது என் தீர்ப்பு. எல்லாமே சின்னப் பெட்டிகளாக இருந்தால், முதலில் இட வலத்துக்கு ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் வாங்குங்கள். குறை வசனத்தில் இருந்தாலும் அப்படித்தான். வாங்கி மாட்டிவிட்டு, பழைய சென்டரை மெனுவில் அணைத்துவிடுங்கள். வசனம் புதிய ஜோடியிலிருந்து வரும், பாட்டும் அதிலிருந்தே வரும். ஒரே செலவில் இரண்டு குறை தீர்கிறது. சென்டரை மட்டும் தனியாக மாற்றினால், ஒரு பாத்திரம் திரையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நடந்து வரும்போது ஆளே மாறியதுபோல் குரல் மாறும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு: வீட்டில் ஐந்தாறு பேர் சோபாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உட்கார்ந்து பார்க்கிறீர்கள் என்றால் குரல் நடுவிலிருந்து வருவதுபோன்ற அந்தப் பிரமை பலிக்காது. ஓரத்தில் இருப்பவருக்கு எல்லாப் பேச்சும் தன் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தே வரும். அப்போது பணம் சேரும்வரை காத்திருந்து, அதே வரிசையைச் சேர்ந்த சென்டரையும் சேர்த்து மூன்றாக வாங்குங்கள். இட வலம் ஏற்கெனவே நல்ல புக்‌ஷெல்ஃப் என்றால் சென்டர் ஒன்றே போதும். அதே நிறுவனம், அதே வரிசை. அந்த வரிசை இப்போது விற்பனையில் இல்லையென்றால், வேறு ஏதோ ஒன்றை வைப்பதைவிடச் சென்டர் இல்லாமலே இருக்கலாம் என்பது என் கட்சி.

சப்வூஃபர் முதலிடம் பெறுவது முன்வரிசை மூன்றும் ஓரளவு நன்றாக இருந்து, பேஸ் மட்டும் கிழிகிறது அல்லது வருவதே இல்லை என்ற நிலையில்தான். சரவுண்ட் எப்போதும் கடைசி. அதற்கு அநேகமாகச் செலவே தேவைப்படாது: முன்னாலிருந்து இறங்கிய பழைய ஜோடி பக்கவாட்டுக்குப் போகட்டும்.

வாங்கும் முன் ரிசீவரின் பின்புறத்தைப் பார்க்க மறக்காதீர்கள். ஒரே பெட்டியில் எல்லாம் சேர்த்து விற்ற சில செட்டுகளில் வேறெங்கும் கிடைக்காத தனிச் செருகிகளும், 3 ஓம் ஸ்பீக்கர்களும் இருக்கும் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு). அதில் 8 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால் ஆபத்தில்லை, ஆனால் சத்தம் குறையும். மாறாக, 8 ஓமுக்கென்று குறிப்பிட்ட ரிசீவரில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் அது சூடேறித் தானாக அணையக்கூடும். அந்தச் செட்டுகளின் சப்வூஃபரும் பெரும்பாலும் ரிசீவரின் மின்சாரத்தில் ஓடுவது. புதிதாக வாங்கும், சொந்த ஆம்ப்ளிஃபையர் உள்ள பவர்டு சப்வூஃபரைச் செருக அதில் இடமே இராது. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால், ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்பு ஒரு பழைய ரிசீவரைத் தேடுங்கள்.

விவரத்தாளில் வாட் எண்ணைவிட சென்சிடிவிட்டி எண்ணைப் பாருங்கள்; அதே வாட்டுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பதை அது சொல்லும். 85 டெசிபெலுக்கும் 88க்கும் உள்ள 3 டெசிபெல் வித்தியாசத்தை ஈடுகட்ட ரிசீவர் இரண்டு மடங்கு வாட் கொடுக்க வேண்டும்.

சப்வூஃபரும் மலை வீடும்

பழைய பங்களாக்களிலும் அவற்றைப் பிரித்து வாடகைக்கு விட்ட பகுதிகளிலும் தரை மரத்தால் ஆனது, அடியில் வெற்றிடம். அதன் மேல் சப்வூஃபரை வைப்பது தவில் மேல் இன்னொரு தவிலை வைத்ததுபோல. ஒரு கிரானைட் பலகை, அதற்கடியில் தடித்த ரப்பர் என்று வைத்தால் தரை நடுக்கம் குறையும். லைன் வீடுகளில் சுவர் பொதுச்சுவர். பக்கத்து வீட்டில் காலை ஐந்து மணிக்கு எழுந்து தோட்டத்துக்குப் போகிறவர்கள் இருந்தால், சீல் செய்த (காற்றுத் துளை இல்லாத) 8 அங்குலப் பெட்டியே தாராளம்.

இடம் தேட ஒரு பழைய வழி இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இருக்கையில் வையுங்கள். பேஸ் தொடர்ந்து வரும் ஒரு பாட்டை ஓட்டிவிட்டு, தரையில் தவழ்ந்து சுவரோரமாக வாருங்கள். எங்கே பேஸ் சீராகவும் தெளிவாகவும் கேட்கிறதோ அங்கே அதை வையுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு செய்வது நலம். அறையின் நீளம் 5 மீட்டர் என்றால் 34 ஹெர்ட்ஸ் அருகே ஒலி சில இடங்களில் குவியும், சில இடங்களில் காணாமல் போகும். இரண்டடி நகர்த்தினாலும் வேறு சப்வூஃபர்போல இருக்கும்.

ஈரம், பழைய சரக்கு, மின்சாரம்

கோயம்புத்தூரிலோ சென்னை ரிச்சி தெருவிலோ வாங்கும்போது யாரும் சொல்லாத விஷயம் பூஞ்சை. கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ரப்பராக இருக்கட்டும். நுரைப்பஞ்சு விளிம்பு ஈரத்தில் சில வருடங்களில் பொடிந்துவிடும். ஸ்பீக்கரை வெளிச்சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். வாரக்கணக்கில் பூட்டிவிட்டு ஊருக்குப் போகாதீர்கள் என்று சொல்ல முடியாது. போய்வந்ததும் கூம்பை உலர்ந்த மென்துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் மெதுவாகப் பாட விடுங்கள். கணப்பு இருக்கும் வீடுகளில் அதன் பக்கத்துச் சுவர் காலியாக இருப்பதால் ஸ்பீக்கரை அங்கே கொண்டுபோய் வைப்பார்கள். வேண்டாம்.

பழைய சரக்கு வாங்கத் தயங்காதீர்கள், ஸ்பீக்கர் ரிசீவரைப்போல் காலாவதி ஆவதில்லை. விளிம்பை விரல் நுனியால் லேசாக அழுத்துங்கள். பொடி உதிர்ந்தால் விலையில் பாதியைக் குறையுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். கூம்பை இரு கைவிரல்களால் சமமாக உள்ளே தள்ளுங்கள். உரசும் ஒலி வந்தால் சுருள் கோணியிருக்கிறது. ரிமோட்டில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை முனைகளில் ஒரு நொடி தொட்டால் ‘டப்’ என்று ஒலித்துக் கூம்பு நகர வேண்டும். நேர்முனை சிவப்பில் பட்டால் வெளிப்பக்கம் நகரும்.

காற்றும் மழையும் சேர்ந்தால் மரம் விழும், மின்சாரம் போகும், வரும்போது துள்ளிக்கொண்டு வரும். இடிமழையில் பிளக்கைப் பிடுங்குவதோடு டிஷ் ஆண்டெனா கேபிளையும் கழற்றிவிடுங்கள். பலர் மறப்பது இரண்டாவதைத்தான்.

டீமேக்கர் அண்ணன் பச்சைத் தேயிலைக்குப் பணம் வந்த மாதத்தில் ஒரு ஜோடி 5 அங்குல புக்‌ஷெல்ஃப் வாங்கினார். சென்டரை அணைத்துவிட்டோம், அவர்கள் இருவர்தான், நடுவில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பழைய சின்ன ஜோடி பக்கச்சுவரில். அவருக்குச் சப்வூஃபர் ஆசை மட்டும் இன்னும் போகவில்லை. என்னுடையதை விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவருபவர்களுக்கு: ஸ்பீக்கர் பெட்டியை மேலே தட்டில் வைக்காதீர்கள், கொண்டை ஊசி வளைவில் எவர் தலையிலாவது இறங்கும். கடைசி இருக்கைக்கு அடியில் முகம் மேலே பார்க்கும்படி கிடத்தி, காலால் அணைத்துக்கொள்ளுங்கள். 12 அங்குல சப்வூஃபருக்கு நடத்துனர் லக்கேஜ் டிக்கெட் கிழித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார், எனக்குக் கிழித்தார்.